குற்றத்தை எண்ணுவது யார்?

இந்தியத் தண்டனைச் சட்டத்தின்கீழ் 2019-ல் தமிழ்நாட்டில் பதிவான வழக்குகள் சுமார் 1.68 லட்சம். 2020-ல் அது சுமார் 8.9 லட்சமாக ஏறியது. அந்த ஆண்டு நாட்டிலேயே அதிகம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் எழுதப் புகுந்தால், ஒரே ஆண்டில் இந்த மாநிலத்து மக்கள் ஐந்து மடங்கு கெட்டுப்போனார்கள் என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.

நடந்தது என்ன என்று நம் எல்லோருக்கும் தெரியும். அது ஊரடங்கு ஆண்டு. காய்கறி வாங்கப் போனவர், கடையை மூடத் தாமதித்தவர், பக்கத்து மாவட்டத்துக்கு பைக்கில் கிளம்பியவர் என்று கண்ணில் பட்டவர்கள்மேல் எல்லாம் 188ஆவது பிரிவும் அதையொத்த பிரிவுகளும் பாய்ந்தன. 188 என்பது அரசு அலுவலரின் உத்தரவை மீறிய குற்றம். நாடு முழுவதும் அந்தப் பிரிவில் 2019-ல் 29,469 வழக்குகள், 2020-ல் 6,12,179. ஊரே வீட்டுக்குள் இருந்ததால் திருட்டு வழக்குகள் குறைந்தன. கொலை வழக்குகள் முந்தைய ஆண்டைப் போலவே 29,000-ஐ ஒட்டி நின்றன. பல மடங்கு கூடியது காவல் நிலையத்தின் எழுத்துவேலை.

குற்றப் புள்ளிவிவரம் என்பது முதலில் அதைப் பதிவு செய்யும் துறையின் வேலைக் கணக்கு. அதற்குப் பிறகே அது குற்றத்தைப் பற்றிய தகவல். இந்த வரிசையை மறந்தால் பத்திரிகைத் தலைப்புகள் தவறாகப் போகும். அது சிறிய சேதம். பெரிய சேதம் வேறு. மனிதர் ஏன் குற்றம் செய்கிறார் என்பதற்கு இருநூறு ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட விளக்கங்களில் பல, இந்தக் கணக்கின்மேல்தான் நிற்கின்றன. கணக்கு யார் வீட்டு வாசலில் நின்று எழுதப்பட்டதோ, அவர்களைப் பற்றியதாகவே கோட்பாடும் அமைந்தது. சில இடங்களில் கோட்பாடு முன்னால் போனது, கணக்கு அதன் பின்னால் எழுதப்பட்டது. மதுரைக்கு மேற்கே நடந்தது இந்த இரண்டாவது வகை.

அதற்கு முன்னால் பிரான்சைப் பற்றிச் சிறிது. அந்நாட்டு நீதி அமைச்சகம் 1825ஆம் ஆண்டின் குற்ற வழக்குகளைத் தொகுத்து 1827-ல் வெளியிட்டது. ஒரு நாடு முழுமைக்குமான முறையான குற்றக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆந்த்ரே மிஷேல் கெர்ரி என்ற வழக்கறிஞரும், அடோல்ஃப் கெட்லே என்ற பெல்ஜிய வானியலாளரும் அந்தத் தொகுப்புகளை ஆராய்ந்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு எண்கள் பெரிதாக மாறாமல் வருவதைக் கண்டு வியந்தார்கள். ஏழை மாவட்டங்களில்தான் திருட்டு அதிகம் என்ற நம்பிக்கையை எண்கள் ஆதரிக்கவில்லை என்று கெர்ரி காட்டினார். கெட்லே ஒரு நேர்மையான காரியம் செய்தார். நமக்குத் தெரிந்த குற்றங்களுக்கும் தெரியாத குற்றங்களுக்கும் இடையிலான விகிதம் மாறாமல் இருக்கிறது என்று அனுமானித்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கால் பயன் என்று அவரே எழுதிவைத்தார். பின்னால் வந்தவர்கள் எண்களை எடுத்துக்கொண்டார்கள், எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

1876-ல் இத்தாலிய மருத்துவர் சேசரே லொம்ப்ரோசோ, குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளி என்று புத்தகம் எழுதினார். மண்டை ஓட்டின் அமைப்பு, தாடை, காது, கை நீளம் ஆகியவற்றில் ஆதிமனிதனின் சாயல் தெரியும் என்றார். அவர் அளந்தவர்களில் பெரும்பாலோர் சிறையில் இருந்தவர்கள். ஆனால் அவருக்கும் ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே, 1871-ல், பிரிட்டிஷ் இந்திய அரசு அதே எண்ணத்தைச் சட்டமாக்கியிருந்தது. இந்தியாவில் தச்சன் மகன் தச்சன். அதுபோலத் திருடன் மகன் திருடன் என்பது வாதம். அதுதான் குற்றப் பரம்பரைச் சட்டம். லொம்ப்ரோசோ தனி மனிதரின் உடலில் தேடியதை, இந்தச் சட்டம் ஒரு சாதியின் பெயரிலேயே கண்டுபிடித்துவிட்டது. அளக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

சட்டம் முதலில் வட இந்தியாவில்தான் நடைமுறைக்கு வந்தது. சென்னை மாகாணத்துக்கு அது 1911ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் வழியாக வந்தது. நிலம் முன்பே தயாராக இருந்தது. காவல் துறை அதிகாரி ஃபிரெடெரிக் முல்லாலி, மாகாணத்தின் குற்ற வகுப்பினரைப் பற்றி 1892-ல் ஒரு கையேடு எழுதியிருந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் மூக்கையும் தலையையும் அளந்து, தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909-ல் ஏழு தொகுதிகள் வெளியிட்டிருந்தார். 1914-ல் மதுரைக்கு அருகிலுள்ள கீழக்குயில்குடிக் கள்ளர்களிடம் தொடங்கி, 1918-க்குள் பிறமலைக் கள்ளர் சமூகம் முழுவதும் அறிவிக்கையின்கீழ் கொண்டுவரப்பட்டது.

இங்கே ஒரு தேதியைக் கவனிக்க வேண்டும். 1913-ல் இங்கிலாந்தில் சார்ல்ஸ் கோரிங் என்ற சிறை மருத்துவர் சுமார் 3,000 கைதிகளை அளந்து, கைதியல்லாதவர்களோடு ஒப்பிட்டு, லொம்ப்ரோசோ சொன்ன உடல் வகை என்று ஒன்று கிடையாது என்று அறிக்கை வெளியிட்டார். பிறவிக் குற்றவாளி என்ற கருத்துக்கு ஆட்சியாளர்களின் சொந்த நாட்டிலேயே அறிவியல் அடிப்படை ஆட்டம் கண்டது. அதற்கு அடுத்த ஆண்டுதான் கீழக்குயில்குடியில் கைரேகை எடுக்கத் தொடங்கினார்கள்.

மக்கள் அதைக் கைரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். அது வேலை செய்த விதத்தை அருகில் சென்று பார்த்தால், கோட்பாடு தனக்கான ஆதாரத்தைத் தானே எப்படி உற்பத்தி செய்துகொள்கிறது என்பது புரியும். ஒருவர் எந்தத் தவறும் செய்திருக்க வேண்டியதில்லை. அறிவிக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் என்றால் பெயரும் கைரேகையும் பதிவேட்டில் ஏறும். குறித்த நேரத்தில் அதிகாரி முன் நின்று ஆஜர் கொடுக்க வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். ராத்திரிச் சீட்டு என்ற பெயர் இன்னும் உசிலம்பட்டிப் பக்கத்துப் பெரியவர்களின் பேச்சில் இருக்கிறது. மாமியார் ஊரில் துக்கம் என்று சீட்டில்லாமல் ஓர் இரவு தங்கியவர் குற்றவாளி. பக்கத்துத் தெருவில் வேறு சாதியில் பிறந்தவர் அதே இரவில் அதே ஊரில் தங்கியிருந்தால் அவர் விருந்தாளி. முன்னவர்மேல் வழக்கு, தண்டனை, பதிவேட்டில் இன்னொரு வரி. பட்டியலிடப்பட்ட குற்றங்களில் இரண்டாம் முறை தண்டனை பெற்றால் குறைந்தது ஏழு ஆண்டுச் சிறை என்றும், மூன்றாம் முறை என்றால் ஆயுள் முழுக்க நாடு கடத்தல் என்றும் சட்டம் சொன்னது. ஒரு சமூகத்தைக் குற்றப் பரம்பரை என்று அறிவித்தது சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது என்பதும் சட்டத்திலேயே இருந்தது.

ஆண்டு முடிவில் தண்டனை பெற்ற கள்ளர்களின் எண்ணிக்கை கூடும். கூடிய எண், அறிவிக்கை நியாயமானது என்பதற்குச் சான்றாகும்.

1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்து நின்றார்கள். போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 15-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எந்தக் குற்றத்துக்காகவும் அந்த ஊரைத் தேடி அன்று போலீஸ் வரவில்லை. பதிவேட்டை நிரப்ப வந்தது.

கள்ளர் நாட்டில் களவே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆடு மாடு களவு இருந்தது. ஊர்க் காவலுக்குக் கூலி வாங்கும் வழக்கமும், கூலி தராத ஊரில் மாடு காணாமல் போவதும் இருந்தன. அதை எதிர்த்து 1890களில் மதுரை மாவட்டத்தில் காவல் எதிர்ப்பு இயக்கமே நடந்தது. கேட்க வேண்டிய கேள்வி, அது ஏன் என்பது. புதிய போலீஸ் வந்தபோது ஒரு சமூகத்தின் பரம்பரைக் காவல் உரிமையும் அதன் வருமானமும் சட்டவிரோதமாயின. 1895-ல் முல்லைப்பெரியாறு அணை திறந்தபோது மேலூர்ப் பக்கம் நீர் பாய்ந்தது, நெல் விளைந்தது. பிறமலைக் கள்ளர் வாழ்ந்த உசிலம்பட்டி, திருமங்கலம் பகுதிகளில் பெரும்பாலான நிலம் வானம் பார்த்த பூமியாகவே கிடந்தது. உசிலம்பட்டி வட்டாரம் 58 கிராமக் கால்வாய்க்காகச் சுதந்திரத்துக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. குறவர் கதையும் இதைப் போன்றதே. மாட்டிலும் கழுதையிலும் உப்பு ஏற்றி ஊர் ஊராக விற்றவர்கள் அவர்கள். அரசின் உப்பு வரியும் ரயிலும் சேர்ந்து அந்த வியாபாரத்தை ஒழித்தன. பிழைப்பு போனவர்கள் நாடோடிகளாகத் திரிந்தபோது, திரிவதே சந்தேகத்துக்குக் காரணமாயிற்று. மீனா ராதாகிருஷ்ணாவின் ஆய்வு இதை விரிவாகக் காட்டுகிறது.

1938-ல் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் ஒரு விளக்கம் தந்தார். சமூகம் எல்லோருக்கும் ஒரே இலக்கை வைத்துவிட்டு, அதை அடையும் நேர்வழியைச் சிலருக்கு மட்டும் திறந்து வைத்தால், மற்றவர்கள் குறுக்குவழி தேடுவார்கள் என்றார். குறவர்களுக்கும் கள்ளர்களுக்கும் நடந்ததை இந்த விளக்கம் பரம்பரைக் கோட்பாட்டைவிட நன்றாகவே விளக்குகிறது. ஆனால் மெர்ட்டனிடமும் ஒரு குறை உண்டு. குற்றம் கீழ்த்தட்டில் அதிகம் என்பதை உண்மையாக எடுத்துக்கொண்டு காரணம் தேடுகிறார். அந்த உண்மை எந்தப் பதிவேட்டிலிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை.

கேட்டவர் எட்வின் சதர்லாண்ட். என் கணிப்பில், குற்றவியலில் கடந்த நூற்றாண்டின் மிக முக்கியமான காரியத்தைச் செய்தவர் அவர். போலீஸ் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, அமெரிக்காவின் 70 பெரிய நிறுவனங்களின்மேல் நீதிமன்றங்களும் ஒழுங்குமுறை ஆணையங்களும் கொடுத்த தீர்ப்புகளைத் திரட்டினார். 980 தீர்ப்புகள் கிடைத்தன. பொய் விளம்பரம், கூட்டுச் சேர்ந்து விலையேற்றல், தொழிலாளர் சட்ட மீறல், காப்புரிமைத் திருட்டு. வறுமையும் சிதைந்த குடும்பமும் குற்றத்துக்குக் காரணம் என்றால், இந்த நிறுவன இயக்குநர்களை எப்படி விளக்குவது என்று கேட்டார். குற்றம் கற்றுக்கொள்ளப்படுவது, கூடிப் பழகுகிறவர்களிடமிருந்து வருவது என்பது அவர் தந்த விடை. சேரியிலும் அது நடக்கும், இயக்குநர் குழுக் கூட்டத்திலும் நடக்கும். 1949-ல் புத்தகம் வந்தபோது நிறுவனங்களின் பெயர்களை நீக்கித்தான் பதிப்பாளர் அச்சிட்டார். பெயர்களோடு முழுப் பதிப்பு 1983-ல்தான் வந்தது. அதற்குள் சதர்லாண்ட் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம் நாட்டுக்கும் இது பொருந்தும். தொழிற்சாலை ஆய்வாளர் கொடுக்கும் நோட்டீஸும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுக்கும் நோட்டீஸும் தேசியக் குற்றத் தொகுப்பில் ஏறுவதில்லை. செல்போன் பறித்தவர் ஏறுவார்.

அவரும் எப்போதும் ஏறுவதில்லை என்பது அடுத்த விஷயம். தமிழ்நாட்டில் காவல் நிலையத்துக்குப் போனவர்களுக்கு இது தெரியும். பேருந்து நிறுத்தத்தில் செல்போனைப் பிடுங்கிக்கொண்டு பைக்கில் இருவர் பறந்துவிடுகிறார்கள். பறிகொடுத்தவர் நிலையத்துக்குப் போகிறார். ரைட்டர் அல்லது பாராவில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும், பில் இருக்கிறதா, ஐ.எம்.இ.ஐ. எண் தெரியுமா என்பது. அடுத்து ஒரு யோசனை வரும். தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள், புது சிம் வாங்க அது போதும். எழுதிக் கொடுத்தால் பறிப்பு என்ற குற்றம் அந்த இடத்திலேயே மறைந்து, ஒரு பொருள் தொலைந்த செய்தியாகிவிடும். பிடிவாதமாக நின்றால் சி.எஸ்.ஆர். ரசீது கிடைக்கும். புகார் வந்து சேர்ந்தது என்பதற்கான சீட்டு அது. முதல் தகவல் அறிக்கை என்ற எஃப்.ஐ.ஆர். அதற்கடுத்த படி. தேசியத் தொகுப்பில் எண்ணப்படுவது எஃப்.ஐ.ஆர். மட்டுமே. கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்த பிறகும் சி.எஸ்.ஆரிலேயே நிற்கும் புகார்கள் ஏராளம்.

இதைத் தனிப்பட்ட காவலரின் சோம்பல் என்று பார்ப்பது சரியில்லை. வழக்கு எண்ணிக்கை ஏறினால் மாதாந்திரக் குற்ற ஆய்வுக் கூட்டத்தில் நிலைய ஆய்வாளர் பதில் சொல்ல வேண்டும். பதிவு செய்து கண்டுபிடிக்காத வழக்கு அவர் கணக்கில் பாக்கியாக நிற்கும். பதிவே செய்யாத வழக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆளுங்கட்சி குற்றம் குறைந்தது என்று சட்டமன்றத்தில் எண் வாசிக்கும். எதிர்க்கட்சி கூடியது என்று எண் வாசிக்கும். இரண்டு பக்கமும் எண்ணை இப்படிப் பயன்படுத்தும்வரை, நேர்மையாகப் பதிவு செய்யும் அதிகாரிக்கு நம் நாட்டில் தண்டனைதான். கேரளத்தின் குற்ற விகிதம் தேசியப் பட்டியலில் எப்போதும் மேலே இருப்பதற்கு, அங்கே புகார் கொடுக்க மக்கள் தயங்காததும் போலீஸ் பதிவு செய்வதும் முக்கியக் காரணங்கள். வழக்குப் பதிவு கூடுவதும் குற்றம் கூடுவதும் வேறு வேறு என்று ஆவணக் காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

பதிவானதிலும் ஒரு வடிகட்டல் உண்டு. ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால், மிகக் கொடியது மட்டும் தொகுப்பில் எண்ணப்படும். ஒரு வீட்டில் புகுந்து, ஒருவரைக் கொலை செய்து, நகையோடு போனால் அது ஒரு கொலை. மற்றவை கணக்கில் இல்லை. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இதே விதியைப் பல பத்தாண்டுகள் பின்பற்றியது. 2021-ல் ஒவ்வொரு குற்றத்தையும் தனித்தனியாக எண்ணும் முறைக்கு முழுமையாக மாறியது.

இங்கிலாந்தில் நடந்ததை நம் அதிகாரிகள் படிக்க வேண்டும். காவல் துறையின் பதிவு நம்பத்தக்கதல்ல என்று 2014 ஜனவரியில் அங்கே அந்தப் புள்ளிவிவரத்தின் தேசியத் தர முத்திரையையே பறித்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் காவல் துறை ஆய்வு அமைப்பு ஓர் அறிக்கை தந்தது. மக்கள் போய்ச் சொன்ன குற்றங்களில் 19 சதவீதத்தைப் போலீஸ் பதிவே செய்யவில்லை. ஆண்டுக்கு 8 லட்சத்துக்கும் மேல். பாலியல் குற்றங்களில் 26 சதவீதம். இவை புகார் கொடுத்த பிறகு விடுபட்டவை மட்டும். வாய் திறக்காதவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

வாய் திறக்காதவர்களை எண்ண ஒரு வழி உண்டு. வீடு வீடாகப் போய்க் கேட்பது. கடந்த ஓராண்டில் உங்களிடம் யாராவது திருடினார்களா, அடித்தார்களா, போலீஸில் சொன்னீர்களா, சொல்லவில்லை என்றால் ஏன்? அமெரிக்கா 1973 முதலும் இங்கிலாந்து 1982 முதலும் இப்படிக் கேட்டு வருகின்றன. இந்தியாவில் அரசு நடத்தும் அப்படியொரு தொடர் ஆய்வு கிடையாது. 2017-ல் ஐ.டி.எஃப்.சி. ஆய்வு நிறுவனம் சென்னை, பெங்களூரு, டெல்லி, மும்பை நகரங்களில் 20,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் கேட்டது. திருட்டுக் கொடுத்தவர்களில் எஃப்.ஐ.ஆர். வரை போனவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு.

அரசின் இரண்டு கணக்குகளை அருகருகே வைத்தாலும் இது தெரியும். 2023-ல் இணையக் குற்ற வழக்குகள் 86,420 என்கிறது குற்ற ஆவணக் காப்பகம். அதே ஆண்டு ஒன்றிய அரசின் இணையக் குற்றப் புகார் தளத்துக்கும் 1930 உதவி எண்ணுக்கும் வந்த புகார்கள் 15 லட்சத்துக்கும் மேல். இரண்டையும் நடத்துவது ஒரே உள்துறை அமைச்சகம். பெண்கள் விஷயத்தில் இடைவெளி இன்னும் கொடியது. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். அதாவது பல லட்சம் பெண்கள். கணவர் கொடுமைக்கான 498-ஏ பிரிவின்கீழ் இந்த மாநிலத்தில் ஓராண்டில் பதிவான வழக்குகள் சில ஆயிரங்களைத் தாண்டியதில்லை. வன்முறைக்கு ஆளான பெண்களில் நாட்டளவில் முக்கால்வாசிப் பேர் யாரிடமும் சொல்லவே இல்லை என்கிறது அதே ஆய்வு. அம்மாவிடம்கூட.

ஆகவே எல்லா எண்ணும் பொய் என்று முடிவு கட்டுவதும் தவறு. கொலைக் கணக்கை ஓரளவு நம்பலாம். பிணத்தை மறைப்பது கடினம். 2022-ல் நாட்டில் 28,522 கொலை வழக்குகள், லட்சம் பேருக்கு 2.1. வாகனத் திருட்டுக் கணக்கையும் நம்பலாம், எஃப்.ஐ.ஆர். இல்லாமல் காப்பீட்டு நிறுவனம் பணம் தராது. ஒவ்வொரு எண்ணுக்கும் அதைப் பதிவு செய்யத் தூண்டியது எது, தடுத்தது எது என்று கேட்டால், எது எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துவிடும். குற்றப் புள்ளிவிவரம் அதைத் தயாரிக்கும் அமைப்புகளின் செயலைத்தான் காட்டுகிறது என்று 1963-ல் ஜான் கிட்சூசும் ஆரன் சிகுரெலும் எழுதினார்கள். அதே ஆண்டு ஹோவர்ட் பெக்கர், ஒருவருக்குக் குற்றவாளி என்ற முத்திரை குத்துவதே அவரை அந்தப் பாதையில் தள்ளுகிறது என்று விளக்கினார். பெருங்காமநல்லூர்க்காரர்களுக்கு இரண்டையும் யாரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம் 1947-ல் நீக்கப்பட்டது. நாடு முழுவதும் 1952-ல். ஜார்ஜ் ஜோசப், முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம் போன்றோர் அதற்காகப் போராடினார்கள். ஆனால் 1948-லேயே சென்னை மாகாணத்தில் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. சாதியின் பெயர் போய், தனி மனிதரின் பெயர் வந்தது. பதிவேடு இருந்தது. இன்றும் ஓர் ஊரில் நகை காணாமல் போனால் இருளர் குடியிருப்புக்கும் குறவர் குடியிருப்புக்கும் போலீஸ் வண்டி முதலில் போகிறது. போகிற இடத்தில்தான் ஆள் பிடிபடுவார். பிடிபட்டவர் தலையில் துப்புத் துலங்காத பழைய வழக்குகளும் ஏறும். நாட்டின் சிறைகளில் 2022 முடிவில் இருந்தவர்களில் 75.8 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள், குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். சிறைக்குள் போய்க் குற்றவாளியின் இயல்பை ஆராய்கிறவர், பெரும்பாலும் ஜாமீன் எடுக்க வழியில்லாதவர்களைத்தான் ஆராய்கிறார். 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம், சிறைக் கையேடுகளில் சாதி அடிப்படையிலான விதிகளையும் குற்றப் பரம்பரைப் பட்டியலில் இருந்து பின்னர் சீர்மரபினர் எனப்பட்ட சமூகத்தினரைப் பழக்கக் குற்றவாளிகளாகக் கருதும் விதிகளையும் ரத்து செய்தது. சட்டம் ஒழிந்து எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு.

தமிழ்நாடு அரசால் செய்யக்கூடிய காரியங்கள் இரண்டு உண்டு. ஒவ்வொரு காவல் நிலையமும் ஓராண்டில் எத்தனை சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தது, அதில் எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆனது என்ற கணக்கைப் பொதுவில் வைக்கலாம். குற்றத்துக்கு ஆளானவர்களிடம் நேரில் கேட்கும் ஆய்வை ஆண்டுதோறும் நடத்தலாம். அதைக் காவல் துறையிடம் கொடுக்காமல் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையிடம் ஒப்படைக்க வேண்டும். இரண்டுக்கும் புதுச் சட்டம் தேவையில்லை, ஓர் அரசாணை போதும். அடுத்த முறை குற்றம் கூடியது, குறைந்தது என்று உங்கள் தொகுதி உறுப்பினர் மேடையில் எண் வாசிக்கும்போது, இந்த இரண்டு கணக்குகளையும் அவரிடம் கேளுங்கள்.